முழங்கால் வலியுள்ள அப்பச்சி, ஆத்தாவுக்கு பிரிட்டனில் எந்த ஊர்? தேர்வு செய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து அப்பச்சியும் ஆத்தாவும் லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ பிள்ளை வீட்டுக்குப் போவது இப்போது சாதாரணம். போன இடத்தில் ஒரு வாரம் எங்காவது கூட்டிப் போய்க் காட்ட வேண்டும் என்று பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. முதலில் ஊரை முடிவு செய்கிறார்கள், பிறகு விடுதியைப் பதிவு செய்கிறார்கள், எல்லாம் முடிந்த பிறகு ஆத்தாவின் முழங்கால் நினைவுக்கு வருகிறது. வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கால், அடுத்து குளியலறை, அதற்கடுத்து தெருவின் ஏற்ற இறக்கம். இந்த மூன்றும் ஒத்து வருகிற ஊர்தான் போக வேண்டிய ஊர், அது எவ்வளவு பிரபலம் என்பது அப்புறம்.

ஊரில் இருக்கும்போதே அளந்துவிடுங்கள்

பழனிக்குப் பாதயாத்திரை போய்ப் பழகியவர்களிடம் "நடக்க முடியுமா?" என்று கேட்டால், முடியாது என்று சொல்லவே மாட்டார்கள். அதனால் கேட்காதீர்கள், அளந்து பாருங்கள். அதற்குச் செட்டிநாட்டு வீட்டை விட வசதியான இடம் கிடையாது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு என்றால் அந்த நீளத்தை ஒரு தடவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சிறிய வீடு என்றால் வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று பாருங்கள். பிறகு அவர்களை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லிவிட்டு, எந்த இடத்தில் முதலில் தூணைப் பிடிக்கிறார்கள், எந்த இடத்தில் உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். உட்காரும் வரை நடந்த தூரம்தான் உங்கள் கணக்கு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று வெவ்வேறு நாளில் பாருங்கள். கிடைத்த அளவில் பாதியை மட்டும் பிரிட்டனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர், கனமான கோட்டு, பழகாத ஷூ, ஈரத் தரை எல்லாம் சேர்ந்து மீதிப் பாதியைத் தின்றுவிடும்.

கைத்தடி ஊன்றுபவர்களுக்கு 50 மீட்டருக்கு ஒரு தடவை உட்கார இடம் வேண்டும் என்பது பிரிட்டன் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதலிலேயே உள்ள அளவு. வீட்டில் 120 மீட்டர் நடக்கிற அப்பச்சிக்கு அங்கே 60 மீட்டர்தான் என்று எடுத்துக்கொண்டால், அந்த 50 மீட்டர் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

அடுத்தது படி. திண்ணைக்கு ஏறும் கல்படியின் உயரத்தை அளந்து வையுங்கள். பிரிட்டனில் வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படி ஒவ்வொன்றும் 22 செ.மீ. வரை உயரம் இருக்கலாம், கால் வைக்கும் அகலமும் 22 செ.மீ. அளவுதான் இருக்கும். பாதம் முழுதாகப் பதியாது. ஏறுவதை விட இறங்குவதைத்தான் பார்க்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இறங்கும்போதுதான் வலியும் தடுமாற்றமும் அதிகம். பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து இறங்குகிறார்கள் என்றால், மாடி அறை வேண்டவே வேண்டாம். குன்றக்குடி மலைப்படியைப் பார்த்ததும் "நீங்கள் போய்ட்டு வாங்க, நான் கீழே இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டவர்களுக்கும் இதேதான்.

மூன்றாவது, உட்காரும் உயரம். கை ஊன்றாமல் எந்த நாற்காலியிலிருந்து எழுகிறார்கள் என்று பார்த்து, அதன் இருக்கை தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 45 முதல் 50 செ.மீ. வரும். பிரிட்டனில் விடுமுறைக்கு வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் மெத்தென்ற தாழ்வான சோபாக்கள்தான் இருக்கும். உட்கார்ந்தவரை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கும். கட்டில், சோபா, கழிப்பறை இருக்கை மூன்றுக்கும் இந்த ஒரே அளவை வைத்துக் கேட்கலாம்.

கடைசியாக, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை போகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் என்றால், மாத்திரை போட்ட பிறகு அடுத்த சில மணி நேரம் எப்படி இருக்கிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பயணத் திட்டமே அதை வைத்துத்தான்.

குளியலறையில்தான் பெரும்பாலான விடுமுறைகள் கெடுகின்றன

பிரிட்டன் விடுதிகளில் சாதாரண அறை என்றால் குளியல் தொட்டியும், அதன் மேலேயே ஷவரும் இருப்பது வழக்கம். குளிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய அரை மீட்டர் உயரமுள்ள தொட்டி விளிம்பைத் தாண்டி, வழுக்கும் வளைவான தரையில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அண்டாவில் வெந்நீர் வைத்து, முக்காலியில் உட்கார்ந்து, சொம்பில் மொண்டு ஊற்றிக் குளித்துப் பழகிய ஆத்தாவால் இது நடக்காது. ஒரு நாள் சமாளிப்பார்கள், மறுநாள் குளிக்காமலே இருந்துவிடுவார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள்.

"ஆக்சஸிபிள் ரூம்" (நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான அறை) என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. ஒரே நிறுவனத்தின் ஆக்சஸிபிள் அறைகளிலேயே சிலவற்றில் தாழ்வான தொட்டி இருக்கும், சிலவற்றில் வெட் ரூம் இருக்கும். பிரீமியர் இன் விடுதிகளில் இரண்டு வகையும் உண்டு. உங்களுக்கு வேண்டியது வெட் ரூம், அதாவது தரை மட்டமாக இருந்து தண்ணீர் தரையிலேயே வடிந்துபோகும் குளியலறை. இணையத்தில் பதிவு செய்த கையோடு விடுதிக்கு நேராக போன் போட்டு, வெட் ரூம்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டு, மின்னஞ்சலிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை இவை:

ஷவருக்குள் போக விளிம்பு, படி ஏதும் உண்டா? சுவரில் பொருத்திய மடக்கு இருக்கையா, எடுத்து வைக்கும் ஸ்டூலா? கைப்பிடிக் கம்பி கழிப்பறையின் எந்தப் பக்கம்? (வலது கை பலவீனமானவருக்கு இடப்பக்கக் கம்பி வேண்டும்.) அறைக் கதவின் அகலம் எத்தனை? சக்கர நாற்காலி என்றால் 80 செ.மீ. இருந்தால் நிம்மதி. தெருவிலிருந்து அறை வரை ஒரு படி கூட இல்லையா? "ஒன்றிரண்டு படிதான்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் சொம்போ, அழுத்திப் பீய்ச்சும் பாட்டிலோ பெட்டியில் வைத்துவிடுங்கள். ஆனால் வெட் ரூம் இல்லாத குளியலறையில் தரையில் தண்ணீர் போக வடிகாலே கிடையாது என்பதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கொட்டிய தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் போய் இறங்கும்.

இன்னொன்று, பார்க்கச் சின்னது. பிரிட்டனில் குளியலறை விளக்குக்குச் சுவிட்சுக்குப் பதில் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். ஆக்சஸிபிள் குளியலறையில் அதோடு கூட, தரை வரை நீளும் சிவப்புக் கயிறு ஒன்றும் தொங்கும். அதில் முக்கோணப் பிடிகள் இருக்கும். அது விழுந்துவிட்டால் உதவிக்கு அழைக்கும் கயிறு. விளக்கு என்று நினைத்து இழுத்தால் மணி அடித்து ஆள் ஓடி வருவார்கள், பெரியவர்கள் பதறிவிடுவார்கள். அதற்காக அந்தக் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டி வைக்கவும் கூடாது, விழுந்தவருக்கு எட்டாமல் போய்விடும். அறைக்குப் போனதும் இரண்டு கயிற்றையும் தொட்டுக் காட்டிவிடுங்கள். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் இருந்தால் பச்சைத் தண்ணீரை முதலில் திறக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் வெந்நீர் கை பொத்துப்போகும் சூட்டில் வரும்.

தூரத்தை விடச் சரிவுதான் ஆளைச் சாய்க்கும்

நம் பக்கம் மேட்டு நிலம் குறைவு. காரைக்குடித் தெருக்களில் நடந்து பழகியவருக்கு பிரிட்டன் கடலோர ஊர்களின் இறக்கம் புதிது. படத்தில் கொள்ளை அழகாகத் தெரியும் மீன்பிடி ஊர்கள் பல, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டவை. விட்பியில் மடாலயத்துக்குப் போகும் வழியில் 199 படிகள். கிளவெல்லியில் தெருவே கூழாங்கல் பதித்த செங்குத்து, வண்டியும் உள்ளே போகாது. செயின்ட் ஐவ்ஸ், ராபின் ஹூட்ஸ் பே இரண்டிலும் கடலுக்கு இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். இவை நல்ல ஊர்கள்தான், ஆனால் நடக்க முடியாதவர்களுக்கு இல்லை.

சரிவைப் பார்க்க இரண்டு வழி இருக்கிறது. பிரிட்டன் அரசின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் சாலை மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் 14 முதல் 20 சதவீதச் சரிவு, இரட்டை அம்பு என்றால் அதற்கும் மேல். இன்னொன்று, கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் விடுதி வாசலிலிருந்து கடற்கரை வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். வீடுகளின் சன்னல் வரிசை கிடைமட்டமாக இருந்து, நடைபாதை மட்டும் சாய்ந்தால் சரிவு தெரிந்துவிடும். அதிலேயே பெஞ்சுகளையும் எண்ணிவிடலாம். சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கு 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்வதே கடினமான சரிவு. அதற்கு மேல் போனால், தள்ளுகிற பிள்ளைக்கும் வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஒத்துவரும் ஊர்கள்

லாண்டட்னோ, வட வேல்ஸ். முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். கிரேட் ஓர்ம், லிட்டில் ஓர்ம் என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே உள்ள சமநிலத்தில் ஊர் அமைந்திருக்கிறது. கடலை ஒட்டிய அகலமான நடைபாதை நீளம் முழுக்கச் சமமாக இருக்கும், பெஞ்சும் நிறைய. கடைத்தெருவும் அதற்கு அடுத்த தெருவிலேயே, அதுவும் சமதளம்தான். கடற்கரை கூழாங்கல் என்பதால் காலை நனைப்பது கடினம், நடைபாதையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். கிரேட் ஓர்ம் உச்சிக்கு 1902 முதல் ஓடும் டிராம் இருக்கிறது. பழைய வண்டி, ஏற உயரமான படி உண்டு. காரிலேயே உச்சிக்குப் போய்விடலாம். பக்கத்தில் பாட்னன்ட் தோட்டம். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மஞ்சள் கொன்றை போலத் தொங்கும் லாபர்னம் பூவளைவு அங்கே பேர் பெற்றது. மேல்பகுதியோடு திரும்பிவிடுங்கள், பள்ளத்தாக்குப் பகுதி செங்குத்து. கான்வி கோட்டையை வெளியிலிருந்து பார்ப்பதே போதும்.

சவுத்போர்ட். லிவர்பூல், மான்செஸ்டர் பக்கம் பிள்ளை இருந்தால் இது நல்லது. ஊரே தட்டை. லார்ட் ஸ்ட்ரீட் கடைத்தெருவில் நடைபாதைக்கு மேல் இரும்புத் தூணும் கண்ணாடியுமாக விக்டோரியா காலத் தாழ்வாரம் நீளமாக ஓடுகிறது. மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். கடல் வெகு தூரம் உள்வாங்கிவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "கடல் எங்கப்பா?" என்று கேட்பார்கள்.

ஈஸ்ட்போர்ன். லண்டன் விக்டோரியாவிலிருந்து நேர் ரயில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கடலோர நடைபாதை சமமாக நீளும். இங்கேயும் கடற்கரை கூழாங்கல்தான். போர்ன்மவுத்தில் நல்ல மணல் இருக்கிறது, ஆனால் ஊர் மேட்டின் மேல், மணல் அடியில். அங்கே போவதென்றால் கீழே இருக்கும் இடமாகப் பார்த்துத் தங்க வேண்டும்.

ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ட்ரிக்ட்) வேண்டும் என்றால் விண்டர்மியரை விட கெஸ்விக் எங்களுக்குப் பிடிக்கும். விண்டர்மியர் ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை இருக்கும் போனெஸ் என்ற ஊருக்கு ஒன்றரை மைல் இறக்கம், விடுதிகள் பலவும் அந்தச் சரிவில்தான். கெஸ்விக்குக்கு ரயில் கிடையாது, பென்ரித்தில் இறங்கி வண்டியில் வர வேண்டும். ஆனால் டெர்வென்ட்வாட்டர் கரையில் ஃப்ரையர்ஸ் கிராக் வரை போகும் பாதை சுலபமானது. ஏரி மாவட்டத் தேசியப் பூங்கா நிர்வாகம் "மைல்ஸ் வித்அவுட் ஸ்டைல்ஸ்" என்ற பெயரில் 50 பாதைகளைச் சக்கர நாற்காலி, கைத்தடிக்காரர்களுக்கு எனத் தரம் பிரித்து வெளியிட்டிருக்கிறது. அதில் முதல் தரத்துப் பாதைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படகில் போகும்போது நீர்மட்டத்தைப் பொறுத்து ஏறும் பலகையின் சரிவு மாறும், போகிற அன்று காலையில் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

எடின்பரோ பாதிக்குப் பாதி. கோட்டையும் ராயல் மைல் தெருவும் ஏற்றமும் கற்பாவிய தரையும். லீத் துறைமுகத்தில் நிற்கும் அரச கப்பல் பிரிட்டானியாவில் ஐந்து தளத்துக்கும் லிஃப்ட் உண்டு, தரை மட்டத்தில் ஏறும் டிராமும் பக்கத்தில் வரை போகிறது. அதற்கு மட்டும் ஒரு முழு நாள் கொடுக்கலாம்.

லண்டனிலேயே தங்கிச் சுற்றுவதென்றால் பாதாள ரயிலை மறந்துவிட்டு எலிசபெத் லைன் என்ற ரயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் 41 நிலையங்களிலும் தெருவிலிருந்து நடைமேடை வரை படியில்லாமல் போகலாம், ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் அது போகிறது. சிவப்புப் பேருந்துகள் எல்லாமே தாழ்தளம். கறுப்பு டாக்ஸிகள் எல்லாவற்றிலும் சாய்பலகை உண்டு, சக்கர நாற்காலிக்காகக் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது என்பது சட்டம். சாமி கும்பிடாமல் ஒரு வாரம் ஓடாது என்பவர்களுக்கு ஈஸ்ட் ஹாம் முருகன் கோயில், பர்மிங்காம் பக்கம் டிவிடேல் பாலாஜி கோயில் இரண்டும் இருக்கின்றன.

எந்த ஊரானாலும் ஒரே இடத்தில் தங்கி, அங்கிருந்து பகலில் போய் வாருங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை பெட்டி கட்டுவது பெரியவர்களுக்குப் பெரும் பாரம். ஒரு நாள் வெளியே, மறுநாள் ஓய்வு என்பது சரியான வேகம்.

காலம், வண்டி, சாப்பாடு

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை, அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஜூனில் லண்டனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மே கடைசி வாரப் பள்ளி விடுமுறையையும், ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் முடிய உள்ள கோடை விடுமுறையையும் தவிர்த்தால் செலவும் கூட்டமும் குறையும். பிரிட்டன் போய் இறங்கியதும் நேரே சுற்றுலா கிளம்ப வேண்டாம். பிள்ளை வீட்டில் நாலைந்து நாள் இருந்து, தூக்கமும் மாத்திரை நேரமும் பழகிய பிறகு போகலாம்.

ரயிலில் போனால் பாசஞ்சர் அசிஸ்ட் என்ற இலவச உதவியைப் பதிவு செய்யுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பதியலாம் என்றாலும், முந்தின நாளே சொல்லிவிடுவது நல்லது. நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே உயரம் இருக்கும், ஊழியர்கள் சாய்பலகை கொண்டு வந்து ஏற்றிவிடுவார்கள். அப்பச்சியும் ஆத்தாவும் சேர்ந்தே பயணிப்பவர்கள் என்பதால் "டூ டுகெதர்" ரயில் அட்டை வாங்கினால் இருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். வார நாட்களில் காலை 9.30-க்கு முன்பு அது செல்லாது. அதற்கு முன் கிளம்ப வேண்டிய அவசரமும் பெரியவர்களுக்கு இல்லை.

காரில் போனால் மிகத் தாழ்ந்த காரும் வேண்டாம், ஏறிக் குதிக்கும் உயரக் காரும் வேண்டாம். இருக்கை இடுப்பளவில் இருந்தால், முதலில் உட்கார்ந்து பிறகு இரண்டு காலையும் உள்ளே திருப்பிக்கொள்ளலாம். மோட்டார்வே ஓய்விடங்களில் கழிப்பறை இலவசம், இரண்டு மணி நேரம் நிறுத்தவும் கட்டணமில்லை. மற்ற ஊர்களில் ஆக்சஸிபிள் கழிப்பறைகள் பூட்டியிருக்கும். அவற்றைத் திறக்க "ராடார் சாவி" என்ற பொதுச் சாவியைச் சில பவுண்டுக்கு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை உள்ளூர்வாசிகளுக்கு நகராட்சி தருவது, விருந்தாளியாக வந்த பெற்றோருக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சக்கர நாற்காலியைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம். மடக்கினால் காரின் டிக்கியில் நுழைகிறதா என்று பெட்டிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் என்றால் சமையலறை உள்ள வீடே மேல். சின்ன ரைஸ் குக்கர், இட்லிப் பொடி, வத்தல், குழம்புப் பொடி இருந்தால் ஒரு வாரம் ஓடிவிடும். இந்தியாவிலிருந்து பால், நெய், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய் போட்ட பலகாரத்தையும் ஊரில் வைத்துவிட்டு, எண்ணெய்ப் பலகாரமாக எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், அங்கே இந்தியக் கடைகளில் கிடைக்கும். வடகம் தாளிக்கும்போது புகை அலாரம் அலறும். சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வைத்துத் தாளிக்கலாம். விளக்கேற்றுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

காப்பீடும் விமானமும்

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ஸ்டென்ட், முட்டி அறுவை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிக் காப்பீடு எடுங்கள். மலிவான பாலிசிகள் பலவற்றில் ஏற்கனவே இருக்கும் நோய்க்குப் பணம் வராது. இங்கிலாந்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்தால் விருந்தாளிகளிடம் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் அது பல லட்ச ரூபாய்க்குப் போய்விடும்.

விமானத்தில் சக்கர நாற்காலி உதவி இலவசம், 48 மணி நேரம் முன்பே கேட்க வேண்டும். வெறுமனே "வீல்சேர்" என்று கேட்டால் படி ஏறக்கூடியவர் என்ற வகையில் போட்டுவிடலாம். படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பார் என்றால் அந்த வகையைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். இல்லையென்றால் விமானத்தின் ஏணிப்படி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். மாத்திரைகளும் மருத்துவச் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்காதீர்கள். அப்பச்சியையும் ஆத்தாவையும் வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் போய் அறையைப் பாருங்கள். வெட் ரூமா, கம்பி எந்தப் பக்கம், கட்டில் உயரம் சரியா? தவறாக இருந்தால் மின்னஞ்சலைக் காட்டி அப்போதே அறையை மாற்றச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்து துணி மடித்து வைத்த பிறகு என்றால், "இருக்கட்டும்ப்பா, சமாளிச்சுக்கிறோம்" என்று அவர்களே உங்களைத் தடுத்துவிடுவார்கள்.